எக்ஸ் என்ற தாய்வழி: ஓர் அபூர்வக் கிளை அமெரிக்கா போன கதை

எங்கள் குலதெய்வக் கோயிலில் வரி வசூலிக்கும் நோட்டு ஒன்று இருக்கிறது. அதைப் புரட்டினால் அப்பா வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களைப் பிசகில்லாமல் சொல்லிவிடலாம். அம்மா வழியில் மேலே ஏறிப் பார்த்தால் மூன்றாவது படியிலேயே நூல் அறுந்துவிடுகிறது. அம்மாச்சியின் அம்மா பெயர் என்ன என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "கட்டிக் கொடுத்த ஊர்ல எல்லாரும் மேலூர்க்காரின்னுதான் கூப்பிடுவாங்க. நிஜப் பேரு யாருக்குத் தெரியும்?" என்றார். அவர் பிறந்த ஊரின் பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. அவருடைய அம்மாவைப் பற்றி அதுவும் இல்லை.

எந்த நோட்டிலும் ஏறாத அந்த வரிசை நம் உடம்பில் இருக்கிறது. அம்மா, அவளுடைய அம்மா, அவளுடைய அம்மா என்று அறுபடாமல் போகும் கோடு அது. அப்படிப்பட்ட கோடுகளில் அபூர்வமான ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதன் பெயர் எக்ஸ். மேற்காசியாவில் பிறந்து, வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் வரை போய், ஆராய்ச்சியாளர்களை இருபது வருடம் சண்டை போட வைத்த கோடு.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்த எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கும் இந்த எக்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எழுத்து ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, அந்தக் கோடு உடம்பில் எங்கே இருக்கிறது?

நம் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி செல்லின் உட்கருவில் இருக்கிறது. அது அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருவது, தலைமுறைக்குத் தலைமுறை சீட்டுக்கட்டைப் போல் கலைக்கப்படுவது. உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புகளுக்குள் தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ. வளையம் இருக்கிறது. மொத்தமே 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். உட்கருவில் இருக்கும் 300 கோடி எழுத்துகளோடு ஒப்பிட்டால் ஒரு துண்டுச்சீட்டு. இதன் முழு வரிசையைக் கேம்பிரிட்ஜில் 1981-லேயே படித்துவிட்டார்கள்.

இந்தத் துண்டுச்சீட்டு அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது. கருமுட்டையில் இதன் பிரதிகள் லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணு கொண்டுவருவது சொற்பம். அதையும் முட்டை அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது. அதனால் மகனுக்கும் மகளுக்கும் அம்மாவின் சீட்டு கிடைக்கிறது. ஆனால் மகளால்தான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும். மகனோடு அது நின்றுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அம்மா கொடுத்ததை மகள் அப்படியே வைத்துக்கொள்வதென்றால், உலகத்தில் எல்லாருக்கும் ஒரே சீட்டு அல்லவா இருக்க வேண்டும்? இருந்திருக்கும், படியெடுப்பதில் பிழையே வராமல் இருந்தால். இங்கேதான் நம் ஓலைச்சுவடிகள் உதவிக்கு வருகின்றன. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், பாடினவன் பாட்டைக் கெடுத்தான்" என்பார்கள். பழைய ஏடு செல்லரித்துப் போவதற்குள் ஒருவர் அதைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதுவார். எங்கோ ஒரு எழுத்தை மாற்றிவிடுவார். அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியவர்கள் எல்லாரிடமும் அந்தப் பிழை இருக்கும். புதிதாக அவர்கள் பங்குக்கும் ஒன்றிரண்டு சேரும். பதிப்பாசிரியரின் மேசையில் பத்துச் சுவடிகள் இருந்தால், எந்தச் சுவடி எதன் பிள்ளை என்று அந்தப் பாடபேதங்களை வைத்தே சொல்லிவிடலாம். ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கும் இரண்டு சுவடிகள் ஒரே மூல ஏட்டிலிருந்து வந்தவை.

மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் படிப்பவர்கள் செய்வதும் இதேதான். முழு வளையத்தையும் கணக்கில் எடுத்தால், ஒரு தாய்வழியில் ஏறத்தாழ 3,000 முதல் 4,000 வருடத்துக்கு ஒரு எழுத்து மாறி நிலைக்கிறது. ரொம்ப மெதுவான கடிகாரம். ஆனால் பல்லாயிரம் வருடக் கதைக்கு மெதுவான கடிகாரம்தான் வேண்டும். பிழைகளைக் கோத்துக்கொண்டே பின்னால் போனால் எல்லாக் கோடுகளும் ஆப்பிரிக்காவில் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கின்றன. பல்வேறு இனங்களைச் சேர்ந்த 147 பேரின் டி.என்.ஏ.வை வைத்து இதை 1987-ல் முதலில் சொன்னார்கள். சுமார் இரண்டு லட்சம் வருடத்துக்கு முந்தைய கணக்கு அது. அந்தக் காலத்தில் அவள் ஒருத்திதான் பெண் என்று அர்த்தம் இல்லை. மற்ற பெண்களின் கோடுகள் எங்கோ ஒரு தலைமுறையில் ஆண் பிள்ளைகளோடு முடிந்துபோயின, இவளுடையது முடியவில்லை.

ஒரே பிழைத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளும் கிளைக்கு ஹேப்ளோகுரூப் என்று பெயர். நாம் தாய்வழிக் குழு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. முதல் நான்கு எழுத்துகளான ஏ, பி, சி, டி அமெரிக்கப் பழங்குடிகளுக்குப் போயின, முதலில் அவர்களைத்தான் ஆராய்ந்தார்கள். ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்த பெரிய கிளைகள் இரண்டு: எம், என். இந்தியாவில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் எம் வகையறா. எக்ஸ் என்பது என் கிளையின் மகள். மற்ற சில எழுத்துகளோடு 14,470-ஆவது இடத்தில் T என்ற டி.என்.ஏ. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் C இருந்தால் எக்ஸ் என்று ஆரம்பக் கணிப்புக்கு வரலாம்.

இனி எக்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஐரோப்பா, மேற்காசியா, வட ஆப்பிரிக்கா முழுவதும் தெளித்துவிட்ட மாதிரி இருக்கிறது. நூறு பேரில் இரண்டு பேர், அவ்வளவுதான். எங்கேயும் பெரும்பான்மை கிடையாது. இதற்குள் இரண்டு பெரிய கிளைகள். எக்ஸ்1 வட, கிழக்கு ஆப்பிரிக்காவோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. எக்ஸ்2 தான் ஊர் சுற்றியது. இரண்டும் பிரிந்தது சுமார் 30,000 வருடத்துக்கு முன். கடைசிப் பனியுகத்தின் உச்சம் கடந்து உலகம் மெல்லச் சூடான பிறகு எக்ஸ்2 விரிந்து பரவியது என்று 2003-ல் வெளிவந்த விரிவான ஆய்வு சொன்னது. பிற்பாடு அனத்தோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, ஐரோப்பாவுக்குள் விவசாயத்தைக் கொண்டுபோனவர்களின் எலும்புகளிலும் எக்ஸ்2 கிடைத்தது. கோதுமையும் ஆடும் போன பாதையில் அதுவும் கொஞ்சம் போயிருக்கிறது.

இந்தத் தெளிப்பில் சில இடங்களில் மட்டும் திட்டுத்திட்டாக அடர்ந்திருக்கிறது. ஜார்ஜியா ஒன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுகள் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வட இஸ்ரேலின் கலிலேயா மலைகளில் வாழும் துரூஸ் மக்கள். அங்கே பத்தில் ஒருவருக்கும் மேல் எக்ஸ்.

துரூஸ் என்ற சமயச் சமூகம் 11-ஆம் நூற்றாண்டில் உருவானது. 1043-ல் வெளியிலிருந்து யாரையும் சேர்ப்பதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டது. அன்றிலிருந்து திருமணம் எல்லாம் உள்ளுக்குள்ளேயே. இப்படிச் சின்ன, மூடிய சமூகத்தில் ஓர் அபூர்வக் கோடு பெருகுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. இருபது பெண்கள் இருக்கும் மலைக்கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் எக்ஸ். ஒருத்திக்கு ஐந்து மகள்கள் பிறந்து ஐந்தும் பிழைத்தன, எச் என்ற வேறு குழுவைச் சேர்ந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு நான்கும் மகன்கள். அடுத்த தலைமுறையிலேயே கணக்கு மாறிவிட்டது. எக்ஸ் உசத்தி என்பதால் வந்த மாற்றம் இல்லை, வெறும் தற்செயல். பெரிய ஊர்களில் இந்தத் தற்செயல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். சின்ன ஊரில் அப்படியே தங்கிவிடும்.

ஆனால் துரூஸ் கதை அதோடு முடியவில்லை. 2008-ல் ஒரு குழு அவர்களுடைய எக்ஸ் கோடுகளை உன்னிப்பாகப் படித்தது. ஒரே ஒரு பெண்ணின் வாரிசுகள் பெருகியிருந்தால் எல்லாருடைய சீட்டிலும் ஒரே பிழைகள்தான் இருந்திருக்க வேண்டும். அங்கே எக்ஸ்1, எக்ஸ்2 இரண்டும், அவற்றுக்குள் பல பழைய கிளைகளும் இருந்தன. ஒரு காலத்தில் மேற்காசியா முழுக்கப் பரவிக் கிடந்த பலவகை எக்ஸ் கோடுகள் மற்ற இடங்களில் கரைந்து போக, இந்த மலை மடிப்பில் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்பது அவர்கள் வந்த முடிவு.

தாய்வழி ஆராய்ச்சி பற்றிப் பேசும்போது புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சறுக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. ஒரு குழு எங்கே அதிகமாக இருக்கிறதோ அங்கே பிறந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிளகாயை நினைத்துப் பாருங்கள். உலகத்தில் காய்ந்த மிளகாய் அதிகம் விளைவது இந்தியாவில். அதற்காக மிளகாய் பிறந்தது குண்டூரிலா? காட்டு மிளகாயும் அதன் பங்காளி இனங்களும் இருப்பது அமெரிக்கக் கண்டத்தில். எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது, வகைகளைப் பார்க்க வேண்டும். எங்கே பழைய கிளைகள் பலவும் சேர்ந்து இருக்கின்றனவோ, அதுதான் தாய்வீடு. எக்ஸுக்கு அது மேற்காசியா.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு அமெரிக்கா போவோம்.

1990-களில் அமெரிக்கப் பழங்குடிகளின் தாய்வழிகள் நான்கே நான்கு என்றுதான் நினைத்தார்கள். ஏ, பி, சி, டி. நான்குமே கிழக்காசியாவிலும் சைபீரியாவிலும் இருப்பவை. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்ற கதைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அப்புறம் ஐந்தாவதாக ஒன்று எட்டிப் பார்த்தது. பெரிய ஏரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு எக்ஸ். சூ மக்களிடம் சுமார் 15 சதவீதம், நவஹோக்களிடம் 7, மேற்கே யாக்கமாக்களிடம் 5. தென் அமெரிக்கா பக்கம் போனால் கிடையாது.

ஐரோப்பாவில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது, நடுவில் இருக்கும் சைபீரியாவில் காணோம். 1998-ல் வெளிவந்த முக்கியமான ஆய்வுக் கட்டுரை, ஐரோப்பா, மேற்காசியாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் பழங்காலத் தொடர்பு உண்டா என்று தலைப்பிலேயே கேள்விக்குறி போட்டுக் கேட்டது. கொலம்பஸுக்குப் பிறகு கலப்பில் வந்ததா? அதற்கு வாய்ப்பில்லை, ஏனென்றால் அமெரிக்க எக்ஸில் 8,913, 14,502 போன்ற இடங்களில் ஐரோப்பியர்களிடம் இல்லாத பிழைகள் இருந்தன. இந்தத் தனிக் கிளைக்கு எக்ஸ்2ஏ என்று பெயர் வைத்தார்கள். பல்லாயிரம் வருடம் தனியாக இருந்தால்தான் இத்தனை சேரும்.

கேள்விக்குறியைச் சிலர் ஆச்சரியக்குறியாகப் படித்தார்கள். பைபிள் காலத்து இஸ்ரேலியர்கள் அமெரிக்காவுக்கு வந்ததற்கு ஆதாரம் இது என்று துரூஸ்களைக் கைகாட்டினார்கள் சிலர். துரூஸ்களிடம் இருப்பது எக்ஸ்2ஏ கிடையாது. இரு தரப்பின் பொதுப் பாட்டி பைபிளுக்கு வெகுகாலம் முன்னால் வாழ்ந்தவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் கனமான வாதம் ஒன்றும் இருந்தது. பிரான்சிலும் ஸ்பெயினிலும் சுமார் 22,000 முதல் 17,000 வருடத்துக்கு முன் சொலூட்ரியன் என்ற வேட்டைச் சமூகம் இருந்தது. இலை மாதிரி மெல்லிசாகச் செதுக்கிய கல் ஈட்டி முனைகள் அவர்களுடைய கைவேலை. அமெரிக்காவில் சுமார் 13,000 வருடத்துக்கு முன் வாழ்ந்த க்ளோவிஸ் என்ற வேட்டைச் சமூகத்தின் ஈட்டி முனைகளும் இதே சாடையில் இருக்கும். டென்னிஸ் ஸ்டான்ஃபோர்ட், புரூஸ் பிராட்லி என்ற இரண்டு தொல்லியலாளர்கள், சொலூட்ரியன்கள் அட்லாண்டிக்கின் பனி விளிம்பை ஒட்டிப் படகில் அமெரிக்கா வந்தார்கள் என்று வாதாடினார்கள். அவர்களுக்கு எக்ஸ் கைக்கு வாகான சாட்சி.

படிக்கச் சுவாரசியமான கதைதான், நானும் ஒரு காலத்தில் வாய் பிளந்து படித்திருக்கிறேன். ஆனால் தோண்டினால் உதிர்கிறது. சொலூட்ரியன் முடிந்ததற்கும் க்ளோவிஸ் ஆரம்பித்ததற்கும் நடுவில் ஏறத்தாழ நாலாயிரம் வருடம். கடலைக் கடந்து வந்த கூட்டம் ஒரே ஒரு தாய்வழியை மட்டும் கொண்டு வந்து மற்றதையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டு வருமா? பழங்கால ஐரோப்பியர்களின் வேறு எந்தக் கோடும் அமெரிக்கப் பழங்குடிகளிடம் பழைய காலத்திலிருந்து இல்லை.

இதற்கிடையில் 2001-ல் தென் சைபீரியாவின் அல்தாய் மலை மக்களிடம் எக்ஸ் இருப்பது தெரிந்தது. விடுபட்ட கண்ணி கிடைத்துவிட்டது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். இரண்டே வருடத்தில் அதுவும் கைவிட்டது. அல்தாய்க்காரர்களுடையது எக்ஸ்2இ என்ற வேறு கிளை, மேற்கிலிருந்து பிற்காலத்தில் வந்து ஒட்டியது. எக்ஸ்2ஏவுக்கு அது அம்மா முறையும் இல்லை, அக்கா முறையும் இல்லை. எழுத்தும் எண்ணும் பொருந்தினால் போதாது, வாலில் இருக்கும் கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும்.

வழக்கைத் திருப்பியது ஓர் எலும்புக்கூடு.

1996 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் கென்னவிக் ஊரில், கொலம்பியா ஆற்றில் விசைப்படகுப் பந்தயம். வேடிக்கை பார்க்க வந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் ஆற்றோரத் தண்ணீரில் நடந்தபோது ஒருவர் காலில் மண்டை ஓடு தட்டுப்பட்டது. முதலில் கொலை வழக்கு என்று போலீஸ் வந்தது. அப்புறம் ஜேம்ஸ் சாட்டர்ஸ் என்ற தொல்லியலாளரிடம் போனது. இடுப்பெலும்பில் கல் ஈட்டி முனை ஒன்று புதைந்திருந்தது. காயம் ஆறி, எலும்பு அதைச் சுற்றி வளர்ந்திருந்தது. வயது சுமார் 8,500 முதல் 9,000 வருடம் என்று கணக்கிட்டார்கள்.

மண்டை ஓடு பழங்குடிகளின் மண்டை ஓடு மாதிரி இல்லை என்று சாட்டர்ஸ் சொன்னார். களிமண்ணில் முகத்தை வடித்தபோது பேட்ரிக் ஸ்டீவர்ட் என்ற ஆங்கில நடிகரின் சாயல் வந்தது. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும். அந்த வட்டாரப் பழங்குடிகள், இவர் எங்கள் மூதாதை, புதைக்கக் கொடுங்கள் என்று கேட்டார்கள். விஞ்ஞானிகள் சிலர் நீதிமன்றம் போனார்கள். 2004-ல் தீர்ப்பு விஞ்ஞானிகள் பக்கம் வந்தது.

2015-ல் பழங்கால டி.என்.ஏ. ஆராய்ச்சியாளர் எஸ்கே வில்லர்ஸ்லெவின் குழு, கை எலும்பிலிருந்து எடுத்த ஒரு சிறு துணுக்கை வைத்து முழு டி.என்.ஏ.வையும் படித்தது. மண்டை ஓட்டின் சாடையை வைத்துச் சொன்னது அத்தனையும் தப்பு. அவர் அமெரிக்கப் பழங்குடியேதான். மாதிரி கொடுத்திருந்தவர்களில் நெருக்கமாக இருந்தவர்களில் அதே வட்டாரத்துக் கோல்வில் மக்களும் உண்டு. அவருடைய தாய்வழி? எக்ஸ்2ஏ. அதிலும் அந்தக் கிளையின் அடிமரத்தை ஒட்டிய நிலை.

இது ஏன் முக்கியம் என்று பாருங்கள். எக்ஸ்2ஏ அட்லாண்டிக் வழியாக வந்திருந்தால், அதன் மிகப் பழைய சாட்சி கிழக்குக் கரைப் பக்கம் கிடைத்தால் பொருத்தமாக இருக்கும். கிடைத்ததோ மேற்கில், பசிபிக்கில் போய் விழும் ஆற்றின் கரையில். அவருடைய உட்கரு டி.என்.ஏ.வில் சொலூட்ரியன்களின் வாடையே இல்லை. மொன்டானாவில் கிடைத்த, 12,600 வருடத்துக்கு முந்தைய க்ளோவிஸ் குழந்தையின் டி.என்.ஏ.வும் 2014-ல் இதையே சொல்லியிருந்தது. அந்தக் குழந்தை எக்ஸ் கூட இல்லை, டி வகையறா.

அப்படியானால் மேற்காசியாவில் பிறந்த கோடு சைபீரியா பக்கம் எப்படிப் போனது? பைக்கால் ஏரிக்கு அருகே மால்தா என்ற இடத்தில், 24,000 வருடத்துக்கு முன் இறந்த சிறுவன் ஒருவனின் எலும்புகள் இதற்கு விடை கொடுத்தன. அவனுடைய மக்கள் ஒரு பக்கம் மேற்கத்திய யூரேசியர்களுக்கும், இன்னொரு பக்கம் அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் சொந்தம். அமெரிக்கப் பழங்குடிகளின் பரம்பரையில் ஏறத்தாழ 14 முதல் 38 சதவீதம் இந்த மக்களிடமிருந்து வந்தது. சிறுவனின் சொந்தத் தாய்வழி யு என்ற குழு, எக்ஸ் இல்லை. ஆனால் மேற்குக் கோடுகள் பனியுகத்திலேயே சைபீரியாவில் நடமாடின என்பதற்கு அவன் போதும். இந்த மக்கள் கிழக்காசிய மக்களோடு கலந்த பிறகு, கடல் மட்டம் இறங்கி ஆசியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிஞ்சியா நிலப்பரப்பு வழியாக அமெரிக்காவுக்குள் போனார்கள். கூட்டத்தில் எக்ஸ் கொண்ட பெண்கள் மிகச் சிலர் இருந்திருந்தால் போதும். சைபீரியாவில் தங்கிப்போன அவர்களுடைய சகோதரிகளின் கோடுகள் அறுந்துவிட்டன. இருபது பெண்கள் கணக்குதான் மறுபடியும்.

உள்ளே போன பிறகு எந்தப் பாதை? 2009-ல் ஒரு குழு, இரண்டு அபூர்வத் தாய்வழிகளை ஒப்பிட்டது. டி4எச்3 என்ற கோடு பசிபிக் கரையோரமாகவே தென் அமெரிக்கா வரை இறங்கியிருக்கிறது. எக்ஸ்2ஏ இரண்டு பெரும் பனிப்பாறைகளுக்கு நடுவே திறந்த உள்நாட்டு இடைவெளி வழியாகப் பெரிய ஏரிகளுக்குப் போயிருக்கும் என்றார்கள். கென்னவிக் மனிதர் மேற்கில் எக்ஸ்2ஏவோடு எழுந்து வந்த பிறகு அந்த வரைபடத்தை அவ்வளவு நறுக்கென்று வரைய முடியவில்லை. ஒஜிப்வே மக்களிடம் எக்ஸ்2ஜி என்று எக்ஸ்2ஏவோடு சேராத இன்னொரு கோடும் கிடைத்தது. கிடைத்தது ஒரே ஒருவரிடம்.

பரிசோதனைக் கருவியை வாங்கி எச்சிலைத் துப்பி அனுப்பி, எக்ஸ் என்று பதில் வந்த சந்தோஷத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். தாய்வழிக் கோடு அதில் ஒரே ஒருத்தியைத் தொடுகிறது. மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எங்கள் கோயில் நோட்டுக்கு மேலூர்க்காரியைத் தெரியாத மாதிரி.

கென்னவிக் மனிதரை, பழங்குடிகள் சொல்லும் பெயரில் 'பழமையானவரை', 2017 பிப்ரவரியில் ஐந்து பழங்குடிக் குழுக்கள் சேர்ந்து வெளியாருக்குச் சொல்லாத ஓரிடத்தில் அடக்கம் செய்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்திருக்கலாம். ஆனால் அவர் ஆண். எக்ஸ்2ஏவை அவரால் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. அவருடைய அக்காவோ தங்கையோ சித்தியோ கொடுத்திருந்தால்தான் உண்டு.